கல்விக் கடன் யார் கடன்?

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருள் தரும். செய்தே தீர வேண்டிய கடமை ஒன்று. வாங்கித் திருப்பித் தர வேண்டிய பொருள் மற்றொன்று. பழைய வழக்கில் முதற்பொருளே மிகுதியாகப் பயின்று வருகிறது. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் காளைக்கும் உரிய கடன்களை முறைப்படுத்தி உரைக்கின்றார். அப்பாட்டினை இளங்கலை வகுப்பில் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். 'ஈண்டுக் கடன் என்பது கடமை' எனப் பொருள் கூறி மேலே செல்வது நம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இந்த ஐந்து பேரில் வங்கியில் கடன் வாங்கியவர் ஒருவருமே இல்லையா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் கேட்டதைப் பின்னர் எண்ணிப் பார்த்தோம். மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் பொறுப்பு, நன்னெறி காட்டுவது வேந்தனின் பொறுப்பு என்பதே அப்பாட்டின் உட்கிடை. படிக்கும் பிள்ளையின் தலையில் அப்புலவர் அந்தச் சுமையை ஏற்றவில்லை. இன்றோ தந்தைக்கு இயலவில்லை. அரசு பாதி தருகிறது. எஞ்சிய பாதியைப் படிக்கும் பிள்ளை தன் பெயரில் கடனாக வாங்குகிறது. கடமை என்னும் பொருள் தேய்ந்து, பற்று என்னும் பொருள் வளர்ந்த கதை இது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலம் இக்கதையின் கொடிய பகுதி. தொற்று நீங்கி ஆண்டுகள் சில ஆயினும் அக்காலத்தில் ஏறிய வட்டி இன்னும் நீங்கவில்லை. ஆதலின் அதனைப் பற்றி இத்துறை மலரில் எழுதத் துணிந்தோம்.

காரியாபட்டியைச் சூழ்ந்த நிலத்தின் இயல்பை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நாற்கரச் சாலை நம் ஊரைத் தொட்டுச் செல்கிறது. சாலையில் செல்வோருக்கு இருபுறமும் கரிசலும் சீமைக் கருவேலமும் தெரியும். மழை பெய்தால் பருத்தி, மல்லி, கம்பு, குதிரைவாலி, பெய்யாவிட்டால் கரிமூட்டம். திருச்சுழிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு வேலிக் கருவேலத்தை வெட்டிக் கரி எரிப்பதே ஆண்டின் பாதி வருவாய். அருப்புக்கோட்டையில் தறி உண்டு, நூற்பாலை உண்டு. விடியுமுன் ஊர் ஊராய் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆலை வேனும் உண்டு. 2018இல் மைய அரசு பின்தங்கிய மாவட்டங்களுள் முன்னேற விழைவன எனத் தெரிந்தெடுத்தவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே. ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று நம் விருதுநகர். பள்ளிக்கூடமும் மதிய உணவும் தந்த காமராசர் பிறந்த மாவட்டம் அப்பட்டியலில் நிற்பது நமக்கு நாணம் தருவது. ஆனால் பிழையானது என்று சொல்வதற்கில்லை.

இத்தகைய ஊரில் 2020 மார்ச் 17ஆம் நாள் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 24 நள்ளிரவு முதல் நாடே அடைக்கப்பட்டது. பிறகு கைபேசியே வகுப்பறை ஆயிற்று. வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் அண்ணனிடமோ தந்தையிடமோ இருக்கும். அலைவரிசை கிடைக்கும் இடம் கண்மாய்க் கரை. நாம் அகப்பொருள் இலக்கணம் நடத்துகையில் ஒரு மாணவியின் பக்கத்திலிருந்து ஆடு கத்தும் ஒலி கேட்டதுண்டு. அதைக் கேட்டு எவரும் நகைக்கவில்லை. அவர் வகுப்புக்கு வந்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்றாய் இருந்தது. 2021 சனவரியில் தமிழக அரசு ஒன்பது இலட்சத்து அறுபத்தொன்பதாயிரம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிபி இணையத் தரவு இலவசம் என அறிவித்தது. நல்ல செயல்தான். ஆனால் முதல் ஊரடங்கிலிருந்து ஒன்பது மாதங்கள் கழித்து வந்த நல்ல செயல். அதற்குள் படிப்பை விட்டவர் விட்டுவிட்டனர்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இங்குக் குறிப்பிட வேண்டும். பெயரும் ஊரும் வேண்டா. தந்தை அருப்புக்கோட்டையில் கூலிக்குத் தறி ஓட்டுபவர். மகன் 2019இல் பொறியியல் முடித்தவர். மகள் நம் மாணவி, இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு. மகனின் படிப்புக்கு மூன்று இலட்சம் ரூபாய் கல்விக் கடன். அவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து, எட்டு மாதம் ஆகுமுன் ஊரடங்கு வந்தது. வேலை போயிற்று, தறியும் நின்றது. கடனின் முதல் தவணை தொடங்க வேண்டிய காலமும் அதுவே.

மூன்று இலட்சம் என்பது மூன்று இலட்சமாகவே நிற்பதில்லை என்பதைக் கணிதத் துறை நண்பர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தோம். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டமே இன்று வரை அடிப்படை. நான்கு இலட்சம் வரை ஈடு கேட்பதில்லை. படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தவணைதான் உறங்கும், வட்டி உறங்குவதில்லை. ஆண்டுக்கு 75,000 வீதம் நான்காண்டு, 10 விழுக்காட்டுத் தனி வட்டி என்று கொண்டால், முதல் தவணை கட்டும் நாளில் ஏறியிருக்கும் வட்டி 1,05,000 ரூபாய். மூன்று இலட்சம் நான்கு இலட்சத்து ஐயாயிரம் ஆகிவிடுகிறது. பத்தாண்டில் தீர்ப்பதென்றால் திங்கள்தோறும் 5,350 ரூபாய்க்கு மேல் செலுத்த வேண்டும். திருப்பூரில் அவர் பெற்ற ஊதியம் பன்னிரண்டாயிரம்.

இவ்வட்டியை அரசே ஏற்கும் திட்டம் ஒன்று 2009-10 முதல் உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்துக்கு உட்பட்டிருப்பின், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் உரிய வட்டியை மைய அரசு வங்கிக்குச் செலுத்திவிடும். அக்குடும்பம் இதற்கு முற்றிலும் தகுதியுடையது. பின் ஏன் கிடைக்கவில்லை? வருமானச் சான்றினை வங்கிக்குத் தர வேண்டும் என்று தறி ஓட்டும் தந்தைக்கு எவரும் சொல்லவில்லை. கிளையிலும் சொல்லவில்லை, மகன் படித்த கல்லூரியிலும் சொல்லவில்லை. நாமும் அவர்தம் மகளுக்கு ஆசிரியர்தாமே, நாமும் கேட்கவில்லை. ஒரு தாளில் வட்டாட்சியர் அலுவலக முத்திரை இல்லாத குறைக்கு ஓர் இலட்சத்து ஐயாயிரம் ரூபாய் தண்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்திட்டம் தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்குமே உரியது. 2018 முதல் உரிய தரச்சான்று பெற்ற நிறுவனங்களுக்கும் பாடப்பிரிவுகளுக்கும் மட்டும் என அது மேலும் சுருக்கப்பட்டது. தமிழ் படிப்பவர், வரலாறு படிப்பவர், கணிதம் படிப்பவர் கடன் வாங்கினால் வட்டிச் சலுகை இல்லை. 2024 நவம்பரில் மைய அமைச்சரவை இசைவளித்த வித்யாலட்சுமித் திட்டத்தில் இத்தகைய பாடப் பாகுபாடு இல்லை; ஆனால் நாடு முழுதும் தரவரிசையில் முன்நிற்கும் நிறுவனங்களில் இடம்பெற்றோர்க்கே அது வாய்க்கும். சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் ஏழைக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் கதவு சாத்தியே இருக்கிறது. தமிழாசிரியர் என்பதால் தமிழ் மாணவர்க்காகப் பரிந்து பேசுகிறோம் என்று சிலர் எண்ணலாம். எண்ணட்டும்.

இனி ஊரடங்குக் காலத்து நிவாரணத்தைப் பார்ப்போம். 2020 மார்ச் 27ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி எல்லாவகைத் தவணைக் கடன்களுக்கும் மூன்று மாத ஒத்திவைப்பை அறிவித்தது. மே 22இல் அதனை ஆகஸ்டு 31 வரை நீட்டித்தது. மக்கள் மகிழ்ந்தனர். வட்டி தொடர்ந்து ஏறும் என்று அறிவிப்பில் இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. கட்டாத தவணைக்கு வட்டி, அவ்வட்டிக்கும் வட்டி என்று கணக்கு வளர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2020 அக்டோபரில் மைய அரசு இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த ஆறு மாதத்திற்குரிய கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் தானே செலுத்துவதாகக் கூறியது. கல்விக் கடனும் அதில் அடங்கும். நாளேடுகளில் பெரிய எழுத்தில் செய்தி வந்தது. 2021 மார்ச் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் எத்தொகைக் கடனாயினும் வட்டிக்கு வட்டி கூடாது எனத் தீர்ப்பளித்தது. ஆனால் வட்டியை முழுமையாக நீக்க வேண்டும் என்ற வேண்டுகோளை ஏற்கவில்லை.

அந்த வேறுபாடு எவ்வளவு என்று நம் கணித நண்பர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். மூன்று இலட்சத்துக்கு 10 விழுக்காட்டில் ஆறு மாதத் தனி வட்டி 15,000 ரூபாய். திங்கள்தோறும் கூட்டினால் 15,316 ரூபாய். ஆக அரசு தந்த நிவாரணம் 316 ரூபாய். எஞ்சிய பதினையாயிரம் வேலையிழந்தவர் கணக்கிலேயே நின்றது. ஒத்திவைப்பு என்று பெயரிட்டு, மேலும் ஒரு கடனைக் கொடுத்துவிட்டுச் சென்றனர் என்பதே உண்மை.

இதே காலத்தில் அமெரிக்க நாட்டில் நடந்ததை ஒப்புநோக்கலாம். முதலாளியத்தின் தலைநகர் என்று நாம் வசை பாடும் நாடு அது. அங்குக் கூட்டரசு வழங்கிய மாணவர் கடன் மட்டுமே ஒன்றரை இலட்சம் கோடி டாலருக்கு மேல் எனக் கணக்கு. 2020 மார்ச்சில் அவர்கள் தவணையை நிறுத்தியபோது வட்டியையும் சுழியம் ஆக்கினர். 2023 செப்டம்பரில்தான் வட்டி மீண்டும் தொடங்கிற்று. மூன்றரை ஆண்டுக் காலம் அக்கடன் வளரவில்லை. கடனை ஓரளவு தள்ளுபடி செய்யும் திட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 சூனில் செல்லாதெனத் தீர்த்தது என்பது வேறு செய்தி. தள்ளுபடி கிடைக்காவிடினும் வட்டி நின்றது. நமக்கு அதுவும் இல்லை.

தமிழக அரசு ஏன் தள்ளுபடி செய்யவில்லை என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. தேர்தல்தோறும் கல்விக் கடன் தள்ளுபடி என்னும் பேச்சு எழுந்து அடங்குவதால் இவ்வினா இயல்பானதே. 2021 பிப்ரவரியில் மாநில அரசு 16 இலட்சத்து 43 ஆயிரம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. அக்கடன் கூட்டுறவு நிறுவனங்களில் இருந்தது. கூட்டுறவு மாநிலத்தின் கையில் இருப்பது. கல்விக் கடனோ பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகளில் இருக்கிறது. அவை மைய அரசின் கையில் உள்ளவை. மாநிலம் தள்ளுபடி செய்ய எண்ணினால் முழுத் தொகையையும் தன் கருவூலத்திலிருந்து எடுத்து வங்கிக்குக் கட்ட வேண்டும். இதனை அறியாமல் வாக்குறுதி தருவாரும் உளர். அறிந்தே தருவாரும் உளர். இவ்விருவருள் எவர் மேலானவர் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

வங்கிகளுக்கு மட்டும் தள்ளிக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்பதுமன்று. 2016ஆம் ஆண்டளவில் ஒரு பொதுத்துறை வங்கி தமிழ்நாட்டுக் கல்விக் கடன்களைத் திரட்டித் தனியார் வசூல் நிறுவனம் ஒன்றுக்கு, முகமதிப்பில் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றது. அவ்வாண்டு மதுரையில் வசூல் நெருக்கடி தாளாது ஓர் இளைஞர் உயிர் துறந்த செய்தியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நிறுவனத்துக்குப் பாதி விலைக்குத் தர முடிந்த கடனை, பாதி கட்டினால் போதும் என்று அம்மாணவரிடமே சொல்லியிருக்கலாகாதா? இவ்வினாவுக்கு விடை சொன்னவர் இதுவரை இலர்.

நம் மாணவியின் செய்திக்கு வருவோம். 2020 செப்டம்பரில் ஒத்திவைப்பு முடிந்தது. அண்ணனின் தவணை தொடங்கியது. வங்கியிலிருந்து அழைப்பு வரும். மகளிர் குழுக் கடனுக்கும் வாயிலில் ஆள் நிற்கும். தாயின் காதிலும் கழுத்திலும் இருந்தவை முன்னரே அடகுக்குப் போயிருந்தன. வீட்டில் ஓர் முடிவு எடுத்தனர். 2021 பிப்ரவரி 8இல் எல்லா ஆண்டு மாணவர்க்கும் கல்லூரி திறந்தபோது அவர் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தோம். "ஐயா, அண்ணன் படிச்ச கடனுக்கு நான் மில்லுக்குப் போறேன்" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, விடுப்பு விண்ணப்பம் படிப்பது போலச் சொன்னார்.

கல்விக் கடனைப் பற்றிய அறிக்கைகளில் இது வராது. அவற்றில் கடன் வாங்கியவர், கட்டியவர், கட்டாதவர் என்னும் கணக்கே உண்டு. அக்குடும்பம் தவணையை ஒழுங்காகக் கட்டிற்று. ஆதலின் வங்கியின் ஏட்டில் அது நற்கணக்கு. அண்ணனின் பட்டத்துக்கு ஈடாகத் தங்கையின் பட்டம் வைக்கப்பட்டது என்பதை எந்த ஏடும் பதியவில்லை. ஈடு கேட்காத கடன் என்கின்றனர். ஈடு இருந்தது, அது ஒரு பெண்பிள்ளை.

தமிழ்நாடு இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்று கூறின் நன்றி மறந்தவராவோம். குடும்பத்தின் முதற்பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு 2020இலும், பொறியியல் முதலிய படிப்புகளில் 2021இலும் ஒதுக்கப்பட்டு, கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இலும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கி, திங்களுக்கு ஆயிரம் ரூபாய் தருகின்றன. 2021இல் அறிவிக்கப்பட்ட பத்துப் புதிய அரசு கலை அறிவியல் கல்லூரிகளுள் ஒன்று நம் திருச்சுழிக்கு வாய்த்தது. கடன் வாங்காமலே படிக்கக்கூடிய கல்லூரி அருகில் இருப்பதைவிடச் சிறந்த கல்விக் கடன் திட்டம் வேறில்லை. 2021-22இல் உயர்கல்வி சேர்க்கை நாட்டளவில் 28.4 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இவையெல்லாம் உண்மை. மேற்சொன்ன மாணவியும் உண்மை. அவர் விலகியபோது இவற்றுள் பல பிறக்கவேயில்லை.

நம் சமுதாயத்தின் பக்கம் பார்வையைத் திருப்புவோம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20இல் 3 கோடியே 85 இலட்சமாக இருந்த மாணவர் தொகை 2020-21இல் 4 கோடியே 14 இலட்சமாயிற்று. பெருந்தொற்றிலும் எண்ணிக்கை உயர்ந்தது. அவ்வாண்டு முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை மட்டும் ஏறத்தாழ 21 இலட்சத்திலிருந்து 19.2 இலட்சமாகக் குறைந்தது. மக்கள் தொகையில் நூற்றுக்குப் பதினான்கு பேராக இருப்போர் கல்லூரியில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைந்தனர். சச்சார் குழு 2006இல் சொன்னது பதினைந்து ஆண்டுகள் கழித்தும் பொருந்தி நின்றது. அடுத்த ஆண்டே தொகை 21 இலட்சத்தைத் தாண்டிவிட்டதே என்பர் சிலர். ஆம். ஆனால் வெளியேறியவரும் உள்ளே வந்தவரும் ஒருவரல்லர். எண்ணிக்கை மீண்டது, அப்பிள்ளைகள் மீண்டார்களா என்பது தெரியவில்லை. அதன்பின் 2022-23இல் சிறுபான்மையினர்க்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும், அயல்நாட்டுப் படிப்புக்கான கடன் வட்டி மானியமும் நிறுத்தப்பட்டன.

அரசைக் குறை கூறி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் இம்மலரைப் படிப்போரில் ஜமாஅத்துப் பெரியோர் பலர் உளர்; அவர்களிடம் சில சொல்ல விழைகிறோம். வட்டி விலக்கப்பட்டது என்பதால் கல்விக் கடனுக்கே செல்லாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்தம் பேணுதலை மதிக்கிறோம். ஆனால் அக்குடும்பங்களின் பிள்ளைகள் எதைக் கொண்டு படித்தனர்? வீட்டு நகையை விற்றனர், அல்லது படிக்கவில்லை. வங்கி வட்டிக்கு அஞ்சியவர் தெருமுனை மீட்டர் வட்டியில் சிக்கியதையும் கண்டிருக்கிறோம். 'கூடாது' என்று சொல்லும் கடமையை நம் மேடைகள் செவ்வனே செய்கின்றன. கூடாததை விலக்கினால் அவ்விடத்தில் வைக்க வேண்டியது என்ன என்பதற்கும் விடை நம்மிடம் இருக்கிறது. அதற்கு அழகிய கடன் என்று பெயர்.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையாருள் கடனில் ஆழ்ந்தோரும் ஒரு வகையார் என்பதை அத்தவ்பா அத்தியாயத்தின் அறுபதாம் வசனத்தை அறிந்தோர் அறிவர். இடுக்கண் உற்ற கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை தருக, விட்டுவிடுதல் அதனினும் நன்று என்னும் கட்டளை அல்பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் ஒத்திவைப்பினும் இது மேலானது. இங்குத் தவணை நீளும்போது தொகை நீளாது. ஆயினும் ரமலானில் நாம் பங்கிடும் ஜகாத் எங்குச் செல்கிறது? பெரும்பாலும் சேலையாகவும் வேட்டியாகவும் ஐந்நூறு ரூபாய்த் தாளாகவும் பலர் கையில் சிதறிப் போகிறது. வாங்குவோர் வரிசையில் நிற்பதற்குப் பட்டதாரி இளைஞர் வரமாட்டார். அவர் வெண்சட்டை அணிந்திருப்பார். கடனாளி என்று நெற்றியில் எழுதியிருக்காது.

கல்விக்குக் கொடுப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக் கல்லூரியும், 1955இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியும், 1956இல் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியும், 1970இல் இளையான்குடி ஜாகிர் உசேன் கல்லூரியும் எழுந்தன. தோல் வணிகத்திலும் கடல் கடந்த வாணிகத்திலும் ஈட்டியதை ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சமய வேறுபாடின்றித் திறந்து வைத்தனர். அவர்கள் கட்டடம் கொடுத்தனர். அரசு ஆசிரியர் ஊதியம் கொடுத்தது. மாணவர் சிறுதொகை கொடுத்தனர். அந்த ஏற்பாடு 1984க்குப் பிறகு மெல்ல மாறியது. சுயநிதிக் கல்லூரிகளும், உதவி பெறும் கல்லூரிகளிலேயே சுயநிதிப் பிரிவுகளும் பெருகின. கல்லூரி நடப்பதே மாணவர் கட்டணத்தில் என்றாயிற்று. பெருந்தொற்றில் இவ்வமைப்பின் நொய்ம்மை வெளிப்பட்டது. கட்டணம் வரவில்லை, சுயநிதிப் பிரிவு ஆசிரியர் பலருக்குப் பாதி ஊதியம், சிலருக்கு அதுவும் இல்லை. முனைவர் பட்டம் பெற்றவர் காய்கறி விற்றதை அக்காலத்து நாளேடுகளில் கண்டோம்.

எனவே 'கட்டணத்தைத் தள்ளுபடி செய்க' என்று நிர்வாகத்தை நோக்கி மட்டும் கூறுவது எளிய நியாயம், முழு நியாயமன்று. மாணவருக்கு விடும் ரூபாய் ஆசிரியரின் உலையிலிருந்து எடுக்கப்படுவதாக இருக்கக்கூடாது. நெருக்கடிக் காலத்தில் அவ்விழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு அரசினுடையது. அதனை அன்றைய அரசுகள், மையமாயினும் மாநிலமாயினும், ஏற்கவில்லை.

ஆயினும் பணம் செலவில்லாத ஒரு நன்மையை எந்த நிர்வாகமும் செய்யலாம். கட்டண நிலுவைக்காக மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் நிறுத்தி வைக்கும் பழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. பட்டியல் கையில் இருந்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தான் நிலுவை தீரும். மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டு உழவு நடக்கவில்லை என்று நோவதால் ஆவதென்ன? இதனை எழுதுவதால் நம் நிர்வாகப் பெருமக்கள் மனம் நோவார் என்று நாம் கருதவில்லை. வேறு கல்லூரியில் பணியாற்றிய நாளில் இப்பேச்சை எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் நமக்கு உண்டு. இங்கு அத்தகைய அச்சமின்றி எழுத முடிகிறது என்பதையே நன்றியுடன் குறிப்பிடுகிறோம்.

இனி ஒரு பொது நெருக்கடி வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. நம் வட்டாரத்துக்கு அது தொற்றாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டு மழை பொய்த்தாலும் போதும். அப்போது தவணையோடு வட்டியும் நிற்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே எழுதி வைக்கச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினரிடமும் வங்கியாளர் கூட்டங்களிலும் கேட்க வேண்டும். வட்டிச் சலுகை கலை அறிவியல் படிப்புகளுக்கும் வேண்டும் என்று கேட்க வேண்டும். இவை நீண்ட நாள் வேலைகள். ஓர் ஆண்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு.

நம் துறையிலிருந்து 2020க்கும் 2022க்கும் இடையில் படிப்பை விட்டவர்களைத் தேடத் தொடங்கினோம். வருகைப் பதிவேட்டைப் பழைய அடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்ததில் பதினொரு பெயர்கள் கிடைத்தன. அவர்களுள் எழுவர் பெண்கள். நால்வரிடம் பேச முடிந்தது. மேற்குறித்த மாணவியும் அந்நால்வருள் ஒருவர். அவருக்கு இப்போது மணமாகிவிட்டது. மாமியார் இசைந்தால் தொலைநிலைக் கல்வியில் எஞ்சிய தாள்களை எழுதுவேன் என்கிறார். மாமியார் இசைந்துவிட்டார், தேர்வுக் கட்டணமும் பழைய நிலுவையும் சேர்த்துச் சில ஆயிரங்கள் வேண்டும். அண்ணனின் கடனில் இன்னும் பாதித் தவணைகள் இருக்கின்றன. மற்ற மூவருக்கும் ஏறத்தாழ இதே அளவு தேவை. எஞ்சிய எழுவரின் கைபேசி எண்கள் மாறிவிட்டன. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஊர்களில் அவர்களை அறிந்தோர் இருக்கக்கூடும். பெயர்ப் பட்டியல் துறை அலுவலகத்தில் உள்ளது. அதனை வெளியிடுவதாக இல்லை. உதவ வருவோர் நேரில் வந்து, யாருக்கு எவ்வளவு என்று கேட்டு, கட்டணச் சீட்டினைத் தம் கையாலேயே வங்கியில் செலுத்தலாம். ரமலான் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தேர்வு விண்ணப்பத்துக்குரிய கடைசி நாள் அதற்கு முன்னரே வந்துவிடும்.